கைக்கு அடக்கமான விலையில் கண்ணுக்கு நிறைவான படம்

டி.வி. விற்கும் கடையின் சுவர் நிறைய இருபது முப்பது திரைகள் வரிசையாக எரிய, அத்தனையிலும் ஒரே நீலக் கடலும், ஒரே பஞ்சவர்ணக் கிளியும், பிளந்து வைத்த ஒரே மாதுளம்பழமும் ஒரே சமயத்தில் தோன்றி மறைய, அவற்றின் முன்னால் போனஸ் பணத்தோடு நிற்கும் குடும்பஸ்தர் எதைக் கை காட்டுவது என்று தெரியாமல், கடைசியில் பளிச்சென்று கண்ணைப் பறித்ததையோ, விற்பனையாளர் சிபாரிசு செய்ததையோ வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதுதான் ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் நம் ஊர்களில் நடந்து வருகிற வழக்கம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களின் மீதிருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டபடியால், இதுவரை சின்னத் திரையோடு திருப்தி அடைந்த குடும்பங்களும் பெரிய திரையைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருப்பது இயற்கை. ரூ. 15,000-மோ ரூ. 25,000-மோ கொடுத்து வாங்கும் ஒரு பெட்டி, தன்னால் தரக்கூடிய படத்தில் பாதியைக்கூட நம் வீடுகளில் தருவதில்லை என்பதும், மீதிப் பாதியைப் பெறுவதற்கு மேற்கொண்டு பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில், சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா பெட்டிகளின் முன்னே தெருவே கூடி உட்கார்ந்து பார்த்த கறுப்பு வெள்ளைப் படத்திலும் சரி, 2006 சட்டமன்றத் தேர்தலின் வாக்குறுதியாகப் பிறந்து வீடு வீடாக வந்து சேர்ந்த 14 அங்குல இலவசக் கலர் டி.வி.யிலும் சரி, கண்ணாடிக் குழாயின் உட்புறத்தில் எலெக்ட்ரான் கற்றை பட்ட இடம் ஒளிர்ந்தது, படாத இடம் தானாகவே இருண்டது. இன்றைய தட்டைத் திரையின் சுபாவம் அப்படிப்பட்டதன்று. அதிலுள்ள திரவப் படிகத்துக்குச் சொந்த ஒளி கிடையாது, பின்னால் எல்.இ.டி. விளக்குகள் சதா எரிந்துகொண்டிருக்க, முன்னால் லட்சக்கணக்கான நுண்ணிய புள்ளிகள் ஜன்னல் கதவுகளைப்போல் திறந்தும் மூடியும் அந்த ஒளியை வேண்டிய அளவுக்கு விடுகின்றன. எவ்வளவு இறுக மூடினாலும் கொஞ்சம் ஒளி கசியத்தான் செய்யும்; அந்தக் கசிவுதான் கறுப்பைச் சாம்பலாக்கி, இரவுக் காட்சிகளின் ஜீவனைக் கெடுக்கிறது. ‘எல்.இ.டி. டி.வி.’ என்று பெயர் சூட்டி விற்பவையெல்லாம் இந்த ஜாதியைச் சேர்ந்தவையே. ‘கியூலெட்’ என்று சொல்லப்படுபவையும் அவ்வாறே. குவாண்டம் டாட் என்ற நுண்பொருளின் உதவியால் வர்ணங்கள் செழிக்குமே தவிர, கறுப்பு மாறிவிடாது. புள்ளி தோறும் சொந்த ஒளியுடைய ஓலெட் திரைகள் வேறு ரகம். அவற்றின் விலையும் வேறு ரகமாதலால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆகவே, குறைந்த விலைப் பெட்டியை வாங்குகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது அதன் பேனலைத்தான். திரவப் படிகப் பேனல்களில் ஐ.பி.எஸ். என்றும் வி.ஏ. என்றும் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஐ.பி.எஸ். திரையின் வெண்மை அதன் கறுப்பைப்போல் சுமார் 1,000 மடங்கு பிரகாசம் உடையது, வி.ஏ. திரையிலோ அந்த வித்தியாசம் 3,000 மடங்கிலிருந்து 5,000 மடங்கு வரை போகும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு சினிமாப் பார்க்கும்போது, முன்னதில் இருட்டு மங்கலான புகையாகவும் பின்னதில் இருட்டு இருட்டாகவும் தெரிவதன் காரணம் இதுவே. ஆனால், வி.ஏ. திரையை நேர் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நகர நகர வர்ணம் வெளுக்கும். பாட்டி கட்டிலிலும், குழந்தைகள் தரையில் பாயிலும், தகப்பனார் சாய்வு நாற்காலியிலும், தாயார் சமையலறை நிலைப்படியிலுமாகச் சிதறி இருந்து பார்க்கிற கூடத்துக்கு ஐ.பி.எஸ். அனுகூலமானது. மூன்று நான்கு பேர் எதிரே சேர்ந்து உட்கார்ந்து, பெரும்பாலும் இரவு நேரத்தில் படம் பார்க்கிற வீட்டுக்கு வி.ஏ.வையே நான் தயங்காமல் சொல்வேன்.

துரதிருஷ்டவசமாக, எந்தப் பேனல் உள்ளே இருக்கிறது என்பதைப் பெட்டியின் மேல் அச்சிடுவது அபூர்வம். ஒரே மாடலின் 43 அங்குலத்தில் ஒன்றும் 50 அங்குலத்தில் மற்றொன்றும் இருப்பதுண்டு. சில சமயம் ஒரே அளவிலேயே, தயாரான காலத்தைப் பொறுத்துப் பேனல் மாறிப்போவதும் உண்டு. உலகத்தில் இந்தப் பேனல்களைச் செய்யும் ஆலைகளோ வெகு சில. சாம்சங்கின் பேனல் நிறுவனம் 2022-ஆம் வருஷத்தோடு திரவப் படிகப் பேனல் தயாரிப்பை நிறுத்திவிட்டது, எல்.ஜி.யின் பேனல் நிறுவனம் தன் குவாங்சௌ ஆலையை டி.சி.எல். குழுமத்தைச் சேர்ந்த சி.எஸ்.ஓ.டி. நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. சீனாவின் பி.ஓ.இ., சி.எஸ்.ஓ.டி., எச்.கே.சி. போன்ற ஒரு சில ஆலைகளிலிருந்து புறப்படும் பேனல்கள்தாம் பிரசித்தமான பெயரையும் கேள்விப்படாத பெயரையும் தாங்கிய பெட்டிகளுக்குள் போய் உட்காருகின்றன. பெயருக்காக அதிகம் கொடுக்கிற பணத்துக்குப் படத்தைச் சீர்செய்யும் சிப்பு, பின்னொளியின் தரம், பழுது நேர்ந்தால் வந்து பார்க்கும் ஆள் ஆகிய இவற்றில் பிரதிபலன் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே கொடுப்பது நியாயம்.

அச்சிட்ட வாசகத்தை நம்ப முடியாத இடத்தில் நம் கண்ணையே நம்ப வேண்டும். அதற்கு வேண்டிய உபகரணம் ஒரு பென் டிரைவ். கடையில் ஓடும் கடலும் கிளியும் நிழலும் இருளும் இல்லாமல், மனித முகமும் அதிகம் இல்லாமல், விற்பனைக்கென்றே தயாரித்த படங்கள், டி.வி.யும் ‘ஸ்டோர் மோட்’ என்கிற நிலையில், பின்னொளி உச்சத்துக்கு ஏற்றப்பட்டு, வெண்மை நீலம் பாய்ந்து, குழல் விளக்குகளின் நடுவே அடுத்த திரையைத் தோற்கடிப்பதற்காகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். நாம் கொண்டுபோகும் பென் டிரைவிலோ நமக்கு நன்றாகத் தெரிந்த முகம் ஒன்று பகல் வெளிச்சத்தில் நெருக்கத்தில் தெரியும் காட்சியும், இருண்ட காட்சி ஒன்றும் இருந்தால் போதும். 1987-இல் வெளிவந்து பி. சி. ஸ்ரீராமுக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்த ‘நாயகன்’ படத்தின் உள்ளறைக் காட்சிகள் இதற்கு உத்தமமானவை. முகத்தில் ஒரு பாதியை ஒளிக்கும் மறு பாதியை நிழலுக்கும் ஒப்படைத்த அந்தக் கலைஞரின் உழைப்பு, எந்தத் திரையில் நிழலுக்குள்ளும் ஒரு கண்ணும் ஒரு நெற்றிச் சுருக்கமும் தெரியும்படி நிற்கிறதோ அதுவே நல்ல திரை. படத்தை ‘மூவி’ நிலைக்கு மாற்றச் சொல்லி அந்தக் காட்சியை எதிரே நின்று ஒரு தரமும், நான்கடி பக்கவாட்டில் நகர்ந்து ஒரு தரமும் பார்த்தால், பேனல் எந்த வகை என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். பென் டிரைவைச் சொருக அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

அடுத்தது அளவு. 43 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்த அளவு. திரையின் அகலம் சுமார் 37½ அங்குலம், உயரம் சுமார் 21 அங்குலம். ஆரோக்கியமான கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைந்த கோணத்தில் உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியே பிரித்து அறிய முடியாது. இந்தக் கணக்கின்படி, 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ள 43 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் ஏறக்குறைய ஐந்தரை அடிக்கு அப்பால் போனதுமே புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன; 3840-க்கு 2160 புள்ளிகள் உள்ள 4கே திரையின் கூடுதல் நுட்பத்தை முழுதும் அனுபவிக்க வேண்டுமானால் மூன்றடிக்கும் குறைந்த தூரத்தில் உட்கார வேண்டியிருக்கும். எட்டடி தள்ளிச் சோபாவைப் போட்டிருக்கும் வீட்டில், 43 அங்குலத்தில் 4கே என்ற முத்திரைக்காக மட்டும் பணத்தைக் கொட்டுவதில் பிரயோஜனம் சொற்பம். எனினும் இந்த அளவில் கடைக்கு வரும் நல்ல பெட்டிகள் பெரும்பாலும் 4கே ஆகவே இருப்பதால், விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது அதையே வாங்கலாம். 32 அங்குலத்தில், ஆறடிக்கு அப்பாலிருந்து பார்க்கிறவருக்கு எச்.டி. ரெடியே போதுமானது. கையில் இன்னும் சில ஆயிரம் மிச்சம் இருந்தால், அதை முத்திரைகளில் செலவிடாமல் திரையின் அளவைக் கூட்டுவதில் செலவிடுவதே நல்லது.

முத்திரைகளில் எச்.டி.ஆர். என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. சூரியனின் பளபளப்பையும் குகையின் இருளையும் ஒரே சட்டகத்தில் காட்டுவதற்காக வகுக்கப்பட்ட அந்த முறையில், படங்கள் பெரும்பாலும் 1,000 நிட் பிரகாசத்தை உத்தேசித்துத் தயாரிக்கப்படுகின்றன. மலிவான திரைகளால் 250, 300 நிட்டுக்குமேல் ஏற முடியாது. அவற்றின் பெட்டியில் உள்ள எச்.டி.ஆர். முத்திரை, அந்தச் சிக்னல் வந்தால் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. பல சமயங்களில் அதே படம் எச்.டி.ஆர். இல்லாமல் ஓடும்போது தெளிவாகவும், எச்.டி.ஆர். வந்ததும் மங்கியும் தெரிவதற்கு இதுவே காரணம். இவ்வாறே 120, 200 என்றெல்லாம் ‘மோஷன்’ என்ற சொல்லோடு சேர்த்துப் போடும் எண்களும், உள்ளே இருக்கும் 60 ஹெர்ட்ஸ் பேனலை 120 ஹெர்ட்ஸ் பேனலாக மாற்றிவிடுவதில்லை.

இனி, நம் வீடுகளில் படம் கெடுகிற பிரதான ஸ்தலத்துக்கு வருவோம். புது 4கே டி.வி.யைச் சுவரில் மாட்டிய மறுகணமே, பழைய செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று நுனிகளுடன் வரும் அந்தப் பழைய வயரையே எடுத்துப் பின்னால் சொருகிவிட்டுப் போவதை எத்தனையோ வீடுகளில் காணலாம். அந்த மஞ்சள் வயரில் வருவது 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட சாதாரண சிக்னல். மொத்தம் 4,14,720 புள்ளிகள். 4கே திரையிலோ 82,94,400 புள்ளிகள். வந்த புள்ளி ஒவ்வொன்றையும் திரை இருபதாக்கிப் பரப்பியாக வேண்டும். அப்படிப் பரப்பும்போது முகம் மெழுகாவதும், கிரிக்கெட் மைதானத்துப் புல் பச்சைக் கம்பளமாவதும் டி.வி.யின் குற்றமன்று. கேபிள்காரரிடமோ டி.டி.எச். நிறுவனத்திடமோ எச்.டி. பாக்ஸ் கேட்டு வாங்கி, நாம் மெய்யாகப் பார்க்கிற நாலைந்து சேனல்களை மட்டும் எச்.டி.யில் எடுத்துக்கொண்டு, எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்தால், ஒரே இரவில் வேறொரு டி.வி. வந்தது போலிருக்கும். எச்.டி. பாக்ஸ் இருந்தும் மஞ்சள் வயரிலேயே பார்க்கிற வீடுகளும் உண்டு. அந்த வீட்டார், கடைக்காரர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளாமல் திரும்பியவர்களைப் போன்றவர்கள். பாக்ஸின் மெனுவிலும் ஒரு தரம் புகுந்து, வெளியீடு 576-இல் நிற்கிறதா 1080-இல் நிற்கிறதா என்று பார்த்துவிடுவது அவசியம். அங்கேயே படத்தின் விகிதத்தையும் சரிசெய்யலாம். 4-க்கு 3 என்ற விகிதத்தில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் திரை முழுக்க இழுத்துப் பார்ப்பதால் நடிகர் நடிகைகளின் முகமெல்லாம் உப்பி அகன்று போவதைச் சகித்துக்கொள்வதைவிட, இரு பக்கமும் கறுப்புப் பட்டையை விட்டு, அந்தக் காலத்துக் காமிரா கண்டபடியே காண்பதுதான் அந்தக் கலைஞர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. இணையத்தில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு விநாடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது, அதோடு அதன் உயர்ந்த சந்தாவுக்கு மட்டுமே 4கே கிடைக்கும். குறைந்த சந்தா கட்டிவிட்டு டி.வி.யைக் குறை சொல்வது பொருந்தாது.

சிக்னல் சரியான பிறகு ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ராத்திரி சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய வேளையில், ஒரு அரை மணி நேரம் நிதானமாக உட்கார வேண்டும். முதலில் ‘வைவிட்’ நிலையிலிருந்து ‘மூவி’, ‘சினிமா’, ‘ஃபிலிம்மேக்கர்’ இவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்ற வேண்டும். மாற்றியவுடன் படம் மஞ்சள் பூத்து மங்கியதாகத் தோன்றி மனம் சோர்வடையும். அவசரப்பட்டுத் திருப்பிவிடக் கூடாது, கண் இரண்டொரு நாளில் பழகிவிடும். தொலைக்காட்சிக்கும் சினிமாவுக்கும் வேலை செய்கிறவர்கள் தங்கள் திரைகளில் வைத்துக்கொள்ளும் வெண்மை 6,500 கெல்வின். மெனுவில் ‘வார்ம்’ என்று இருப்பது அதற்கு அண்மையில் உள்ளது. பின்னொளியாக இருக்கும் வெள்ளை எல்.இ.டி., உண்மையில் நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசியது. 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசை அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் தேடித் தந்த அந்த நீல ஒளி, திரையில் தாராளமாகக் கிடைப்பதால், நீலத்தை அடக்காமல் விட்டால் பிரகாசம் கூடுதலாகத் தெரியும். அந்தச் சலுகையை மலிவான பெட்டிகள் அளவுக்கு மீறி எடுத்துக்கொள்கின்றன. நம் ஜனங்களின் மாநிறம் அதில் சாம்பல் பூத்துப் போகிறது. அதை மறைக்க வர்ணத்தைக் கூட்டினால் ஆரஞ்சு நிறமாகிவிடுகிறது. ‘வார்ம்’ வைத்த பிறகுதான் கறுத்த முகத்தின் மேல் வியர்வை மினுங்குவதும், மஞ்சள் பூசிய கன்னத்துக்கும் பூசாத கழுத்துக்கும் உள்ள பேதமும் உள்ளபடி தெரியும்.

‘பேக்லைட்’ என்பது விளக்கின் அளவு. பகலில் கூட்டி இரவில் குறைத்துக்கொள்ள வேண்டியது. ‘பிரைட்னஸ்’ என்பது கறுப்பின் ஆழத்தை நிர்ணயிப்பது. கோர்ட்டுக் காட்சி ஒன்றை ஓடவிட்டு நிறுத்தி, வக்கீலின் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டு போனால், ஓர் இடத்தில் கோட்டின் காலரும் பொத்தானும் மறைந்து ஒரே கறுப்பாகிவிடும். அங்கிருந்து ஒன்றிரண்டு படி ஏற்றி, காலர் மறுபடி தலைகாட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். ‘கான்ட்ராஸ்ட்’டுக்கு வெயிலில் நிற்கும் ஒருவரின் வெள்ளை வேட்டி பிரமாணம்: கூட்டக் கூட்ட மடிப்புகள் கரைந்து வெறும் வெளுப்பாகும், மடிப்பு தெரியும்வரை இறக்க வேண்டும். ‘ஷார்ப்னஸ்’ பற்றி நம் ஜனங்களிடையே உள்ள தப்பபிப்பிராயம் மிகப் பெரிது. அது இல்லாத நுட்பத்தை உண்டாக்குவதில்லை. விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு வரைகிறது. செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துக்களை அருகே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி ஒரு வெளிறிய நிழல் தெரியும். அது மறைகிற வரையில் ஷார்ப்னஸைக் குறைப்பதே சரி. ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’, ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ இரண்டும் எச்.டி. படத்துக்கு வேண்டாதவை. ‘பிக்சர் சைஸ்’ என்ற இடத்தில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று வைத்தால், ஓரங்களில் வெட்டுப்பட்டுப் போகிற படம் முழுமையாகக் கிடைக்கும். இத்தனையும் பல பெட்டிகளில் செட்டாப் பாக்ஸுக்குத் தனியாகவும் இணையச் செயலிகளுக்குத் தனியாகவும் செய்ய வேண்டியவை என்பதை மறக்கலாகாது.

அசைவைச் சீராக்கும் வசதியையும் அணைத்து வைப்பது உசிதம். சினிமா விநாடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படுவது, இடையிடையே டி.வி. தானாகக் கற்பித்த சட்டங்களைப் புகுத்தும்போது, பெரும் பொருள் செலவில் எடுத்த படம் ஸ்டூடியோ சீரியலின் சாயலை அடைகிறது. டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018 டிசம்பரில் இதை அணைத்துவிடுங்கள் என்று ரசிகர்களை வேண்டி ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். மறு வருஷம் அறிவிக்கப்பட்ட ‘ஃபிலிம்மேக்கர்’ நிலையின் நோக்கமும் அதுவே. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் சிறிதளவு வைத்துக்கொள்ளலாம்.

மாட்டுகிற இடத்தில் ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரைத் தவிர்க்க வேண்டும். உயரத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்: சாமி படத்துக்குச் சமமாக டி.வி.யையும் மேலே ஏற்றி மாட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், கழுத்து வலிப்பதோடு வி.ஏ. திரையின் வர்ணமும் கீழிருந்து பார்ப்பவருக்கு வெளுத்துவிடும். உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில் திரையின் நடுப்பகுதி இருக்கட்டும்.

பெட்டி வந்திறங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள், முழுக் கறுப்பையும் முழு வெள்ளையையும் திரையில் வரவழைத்து, அணைந்த புள்ளியோ மூலைகளில் ஒளித் திட்டோ இருக்கிறதா என்று பார்த்து, பில்லையும் வாரண்டி அட்டையையும் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். குறைந்த விலைப் பெட்டிகளில் சில வருஷங்கள் கழித்து வரும் நோய்களில் மிகச் சகஜமானது, “சவுண்டு வருது, படம் வரலை” என்பது. இருட்டறையில் டார்ச்சைத் திரையின் அருகே சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், ஒளி விழுந்த வட்டத்துக்குள் படம் நிழலாக நகர்வது தெரியும். அப்படித் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, பின்னொளிதான் போயிற்று என்று பெரும்பாலும் நிச்சயிக்கலாம். பேனல் போனால் புது டி.வி.யின் விலைக்கு அருகில் வந்துவிடும், எல்.இ.டி. பட்டைகள் போனால், அனுபவமுள்ள மெக்கானிக் அதில் சிறு பங்குச் செலவில் மாற்றித் தருவார். ஒரு பட்டை மட்டும் எரியவில்லை என்றாலும் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றச் சொல்வது நல்லது, ஏனெனில் மற்றவையும் அதே வயதை அடைந்தவை. உச்ச அளவில் இரவும் பகலும் எரிகிற எல்.இ.டி.தான் சூட்டினால் சீக்கிரம் கருகுகிறதாகையால், இரவில் பேக்லைட்டைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கிற வீட்டில் இந்த மெக்கானிக்கை அழைக்க வேண்டிய நாள் வெகுவாகத் தள்ளிப் போகும்.